கப்பல் துறையில் உன் அம்மா ஏன் அழவில்லை

பெரியவனே,

இவ்விடம் எல்லாரும் சுகம், அவ்விடம் உன் சுகம் அறிய ஆவல்னு ஆரம்பிச்சுத்தான் எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கம். இன்னைக்கு அந்த முதல் வரியை எழுத உட்கார்ந்தேன். பொய் எழுத மனசு வரல. உன் அம்மா சுகமா இல்லை, அதனால நானும் இல்லை. தையல் மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிட்டு, கடை வாசல் அஞ்சடி நடைபாதையில நாற்காலியைப் போட்டுக்கிட்டு, பட்டப்பகல்ல இதை எழுதறேன். பக்கத்துக் காப்பிக்கடைச் சீன முதலாளி, தவுக்கே, எட்டிப் பார்த்து, இன்னைக்குக் கடை லீவான்னு மலாயில கேட்டார். ஆமான்னு தலையை ஆட்டிட்டேன்.

ரங்கூன்லேருந்து நீ எழுதினது கிடைச்சுது. நீ வேலை பார்க்கிற கம்பெனிப் பெரிய கணக்கர் மகளை உனக்குப் பேசியிருக்காங்க, தை மாசம் கல்யாணம், பொண்ணு நல்ல குணம்னு எழுதியிருந்தே. அதுவரைக்கும் படிக்கிறப்போ எனக்கு நெஞ்சு நெறைஞ்சுதான் இருந்தது. அதுக்குக் கீழேதான் அந்த வரிங்க. நாங்க யாரும் சிரமப்பட்டு வரவேணாமாம். நீயும் இனிமே பத்து பாகாட் வீட்டுக்கு வர்றதா இல்லையாம். கப்பல் ஏறின அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டு நின்ன அம்மாவுக்கு, நான் இருந்தா என்ன, போனா என்னன்னு எழுதியிருக்கே. கோபத்துல எழுதினதுன்னு தெரியுது, எழுத்தெல்லாம் சாஞ்சு ஓடியிருக்கு. இருக்கட்டும், கோபப்பட உனக்கு நியாயம் இருக்கு. ஆனா அவ ஏன் அப்படி நின்னான்னு நீ தெரிஞ்சுக்கணும். தெரிஞ்ச பிறகும் நீ வரலைன்னா, நான் அதுக்கு மேல உன்னைக் கேக்க மாட்டேன்.

அன்னைக்குச் சிங்கப்பூர் கப்பல் துறையில நடந்ததை நீ மட்டும் பார்க்கல, நானும் பக்கத்துலதான் நின்னேன். கப்பல் ஏறுற மத்தப் பையன்களோட அம்மாமாருங்க மாருல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஒருத்தி மகன் சட்டையை விடவே மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டா, ரெண்டு ஆளுங்க வந்து பிரிச்சு விட்டாங்க. உன் அம்மா என்னடான்னா கல்யாண வீட்டுக்குப் போறவளாட்டம் பட்டுச்சேலை கட்டி, தலையில பூ வச்சு, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தா. உன் நெத்தியில திருநீறு பூசறப்போ சிரிச்சா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, போயிட்டு வரேன்"னு சொன்னப்போ உனக்கு உதடு துடிச்சுது. அவ, "சரிப்பா, போயிட்டு வா"ன்னு தெருமுனைக் கடைக்கு அனுப்புற மாதிரி சொன்னா. உன் முகம் செத்துப்போச்சு. எனக்கு அவமேல வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஜொகூர் பாலம் தாண்டி, இந்த ஊருக்கு பஸ்ஸுல வந்து சேர்ற வரைக்கும் நான் அவகிட்ட வாயே திறக்கல. நீ நினைச்சதையேதான் நானும் நினைச்சேன்.

ஆனா அவ ஒண்ணும் அழத் தெரியாதவ இல்லை. உன் தம்பி வேலு போனது உனக்கு மறந்திருக்காது. சாஆ ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்துல இருந்தோம். மழை மாசத்துல அவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்துச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மருந்து கொடுத்தார், நாங்களும் துணியை நனைச்சு நனைச்சுப் போட்டோம், ஒண்ணுத்துக்கும் கேக்கல. அவனைத் தூக்கிக்கிட்டுப் போறப்போ உன் அம்மா லயத்து வாசல்ல மண்ணுல புரண்டு அழுதா. அதோட நிக்கல. சோறு பொங்குறப்போ அழுவா, கித்தா மரத்துல பால் எடுக்கிறப்போ அழுவா, பால் வாளியைக் கீழே வச்சுட்டு மரத்தைக் கட்டிக்கிட்டு அழுவா. கங்காணி திட்டித் திட்டி ஓய்ஞ்சுட்டார். அவளை அந்த மண்ணுலேருந்து பேர்த்தாத்தான் உயிர் தங்கும்னு தோணித்தான் தையல் கத்துக்கிட்டு உங்களை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன். இங்க வந்தும் வேலுவோட திதி வந்தா அன்னைக்கு முழுக்க அவ முகம் ஈரமாத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவ எப்போ மாறினான்னா, டாக்கி பார்த்ததுக்கு அப்புறம்தான். நீ முதல் சம்பளம் வாங்கின மாசம் நம்ம ஊருக்கு அந்த சரித்திர டாக்கி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பல்லவ ராஜாவுக்குச் சேனாதிபதியா இருந்து, வாதாபியை ஜெயிச்சுட்டு வந்து, அப்புறம் சிவனடியார் கேட்டார்னு பெத்த பிள்ளையவே கறி சமைச்சுப் போட்ட நாயனார் கதை. லயத்து ஜனங்க லாரி பிடிச்சு வந்தாங்க. கொட்டகைக்குள்ள பொம்பளைங்க செருப்பைக் கழட்டி வச்சாங்க, திரையில சிவன் வர்றப்போ சூடம் கொளுத்தினாங்க, கொட்டகைக்காரன் நெருப்பு நெருப்புன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தான். நீதான் அம்மாவுக்குச் சீட்டு எடுத்து முன்னால நல்ல இடமாப் பார்த்து உக்கார வச்சே. அதுல தப்பே கிடையாது. அம்மாவுக்கு ஒரு சந்தோஷம் காட்டணும்னு நினைச்ச பிள்ளை நீ. நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு, நம்மாலதானேன்னு நீ மனசை வருத்திக்கக் கூடாது.

அந்தப் படத்துல பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அந்தம்மா உக்கார்ந்திருக்கிற இடம் வந்துச்சு. திரை முழுக்க அவங்க முகம்தான். கண்ணுல தண்ணி திரண்டு விளிம்பு வரைக்கும் வந்து நிக்குது. அப்போ ஆகாசத்துலேருந்து ஒரு அசரீரி, பெத்தவ கண்ணுலேருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் போன பிள்ளை திரும்பாதுன்னு சொல்லுது. அந்தம்மா அந்தத் தண்ணியை அப்படியே உள்ளே இழுத்துக்கிட்டுச் சிரிக்கிறாங்க. கடைசியில சிவனடியார், பிள்ளையைக் கூப்பிடுன்னு சொல்றார், அவங்க வாசல்ல நின்னு கூப்பிட, சமைச்சு இலையில வச்ச பிள்ளை பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற மாதிரி ஓடி வருது. கொட்டகையே விம்மி விம்மி அழுதுச்சு. நான்கூட துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். உன் அம்மா மட்டும் கண் கொட்டாம திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. வெளியே வந்ததும், "அம்மாவுக்கு மனசு கருங்கல்லுலா"ன்னு நீ கிண்டல் பண்ணினே. அவ உன் தலையைத் தடவினா. மறுநாள் நாம இல்லாம எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் அதையே இன்னொரு தடவை பார்த்துட்டு வந்தா.

அந்த டாக்கி ஊரை என்ன பண்ணிச்சுன்னு எனக்குக் கோயில்லதான் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமையில நான் மாரியம்மன் கோயில்ல புராணம் படிச்சு அர்த்தம் சொல்றது உனக்குத் தெரியும். எப்பவும் நாலு கிழவர்கள் தூங்கிக்கிட்டே கேப்பாங்க. அந்த வாரம் உக்கார இடமில்லை, டாக்கிக் கதையைப் படிங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. சரின்னு எடுத்தேன். சேனாதிபதி வாதாபியிலேருந்து யானையும் குதிரையும் பொன்னுமா ஜெயிச்சுக் கொண்டு வர்றார், அவர் சிவனடியார்னு ராஜாவுக்கு அப்போதான் தெரியுது, ஐயோ இவரையா சண்டைக்கு அனுப்பினோம்னு ராஜா பதறிப் போய் மன்னிப்புக் கேட்டு, நெறையப் பொருள் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைக்கிறார். புராணத்துல இருக்கிறது அவ்வளவுதான். லாரி ஓட்டுற பையன் ஒருத்தன் எழுந்து நின்னுட்டான். நான் தப்பாப் படிக்கிறேனாம். ராஜா அவரை ஜெயில்ல அடைச்சாராம், யானையை விட்டு மிதிக்கச் சொன்னாராம், அரண்மனை நாட்டியக்காரிதான் சாவியைத் திருடிக் காப்பாத்தினாளாம். கூட்டமே ஆமா ஆமான்னுச்சு. புஸ்தகத்தைத் தூக்கி அவன்கிட்டே காட்டினேன். அவன் மரியாதையாத்தான் சொன்னான், அச்சுப் போடுறப்போ விட்டுப்போயிருக்கும் ஐயான்னு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அந்தச் சிரிப்போட இருக்கறப்பதான் பொம்பளைங்க பக்கத்துலேருந்து உன் அம்மா குரல் கேட்டுச்சு. கோயில்ல வாயே திறக்காதவ. அழக்கூடாதுன்னு ஒரு சத்தம் சொல்லுமே, அந்த இடத்தைப் படிங்கன்னா. அப்படி ஒண்ணு புராணத்துல இல்லவே இல்லைன்னு சொன்னேன். பிள்ளை திரும்பி வரும்னு நாயனாருக்கும் அவர் சம்சாரத்துக்கும் தெரியவே தெரியாது, கொடுத்தா கொடுத்ததுதான்னு மனசு சந்தோஷமாக் கொடுத்தாங்க, அதுலதான் அவங்க பெருமை, அழாம இருந்தாத் திரும்பத் தருவேன்னு சாமி யாரோடயும் பேரம் பேசலன்னு விளக்கமா எடுத்துச் சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சு அடுத்த பாட்டுக்குப் போயிட்டேன்.

அதையெல்லாம் இப்போ நினைச்சுப் பார்க்கிறேன். அந்த நாயனார் என்னைக்கோ நம்ம மாதிரி ரத்தமும் சதையுமா நடமாடின ஆளு. சண்டைக்குப் போனவர். வாதாபி தெருவுல எத்தனை வீட்டுப் பிள்ளைங்க செத்துக் கிடக்கிறதைப் பார்த்தாரோ, அதுக்கு அப்புறம் வாளைக் கீழே வச்சுட்டு அடியாருக்குச் சோறு போடுறதே போதும்னு உக்கார்ந்தாரோ, யாருக்குத் தெரியும். பிள்ளைக்கறி கதை நெசமா நடந்துச்சா, பக்தியை எடுத்துக் காட்டப் பின்னால வந்தவங்க சொன்னதா, அதுவும் எனக்குத் தெரியாது. புராணத்தைப் பாடினவரே அவருக்கு எத்தனையோ தலைமுறை கழிச்சு வந்தவர்தான். ஆனா ஒண்ணு, அவரோட சம்சாரம்னு ஒருத்தி இருந்திருந்தா, பிள்ளையைப் பறிகொடுத்திருந்தா, அவ அழுதிருப்பா. எந்தத் தாய்தான் அழாம இருப்பா? செத்துப் போனவங்களுக்கு வாய் கிடையாது. யாரு என்ன முகத்தை மாட்டிவிட்டாலும், நான் அது இல்லைன்னு எழுந்து வந்து சொல்ல முடியாது. அரும்பு மீசையும் சரிகை வேட்டியுமா திரையில ஒரு ஆளு வந்து நின்னான், இன்னைக்கு நம்ம ஊர்ல அவன்தான் நாயனார். பவுடர் பூசின ஒரு பொண்ணு கண்ணீரை உள்ளே இழுத்தா, அவதான் தாய்க்கு இலக்கணம்.

இதை எழுதறப்போ உனக்கும் ஒரு வார்த்தை சொல்லத் தோணுது. கல்யாணம் பண்ணிக்கப் போறே. வர்ற பொண்ணு முகத்தைத் திரையில பார்க்கிற மாதிரி படிக்காதே. சிரிச்சாச் சந்தோஷம், அழுதாத் துக்கம், பேசாம இருந்தாக் கோபம்னு நினைச்சா நீ ஆயுசுக்கும் தப்பாத்தான் படிப்பே. கேளு. என்னம்மா உனக்குன்னு பக்கத்துல உக்கார்ந்து கேளு. நாங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஆச்சு, எனக்கே கேட்டாத்தான் தெரிஞ்சுது.

நீ போன மறுவாரம், மனசுல அடக்கி வச்சிருந்தது தாங்காம நான் உன் அம்மாகிட்ட கேட்டுட்டேன். மீன் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. பெத்த பிள்ளை கடல் தாண்டிப் போறான், உனக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே, நீ என்ன பொம்பளைன்னு கேட்டேன். அவ கத்தியைக் கீழே வச்சா. என்னை நேராப் பார்த்துச் சொன்னா:

"வேலு போனப்ப நான் அழுதுட்டேங்க. அழக்கூடாதுன்னு அப்ப எனக்கு யாரும் சொல்லல. பெரியவனுக்காச்சும் அடக்கிக்கிட்டேன். அவன் திரும்பி வரட்டும், அதுக்கப்புறம் வேணுங்கிற மட்டும் அழுறேன்."

அப்புறம் நடந்ததைக் கேளு ராசா. அவ வாயைத் திறந்து விரலால கன்னத்தை ஒதுக்கிக் காட்டினா. உள்ளே கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக் கிடந்துச்சு. கப்பல் கிளம்பி நீ கண்ணுக்கு மறையிற வரைக்கும் கடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. பட்டுச்சேலையும் பவுடரும் படத்துல அந்தம்மா போட்டிருந்ததாம், அதையும் விடக்கூடாதுன்னு போட்டிருக்கா. நான் கோயில்ல சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னேன். இது யாரோ மெட்ராஸ்ல உக்கார்ந்து வயித்துப் பொழைப்புக்கு எழுதினதுடி, புஸ்தகத்துல கிடையாதுன்னேன். அவ கோபப்படல. உங்க புஸ்தகத்துல அந்தம்மா முகம் இருக்கா, நான் கண்ணால பார்த்தேனேன்னு சொல்லிட்டு மறுபடியும் மீனை எடுத்துக்கிட்டா.

அன்னையிலேருந்து இந்த வீட்டுல நடக்கிறது வெளியே சொன்னாச் சிரிப்பாங்க. உன் அம்மா வெங்காயம் அரியறதில்லை. கண்ணு கரிச்சுத் தண்ணி விட்டா அதுவும் கணக்குல சேர்ந்துடுமோன்னு பயம். காலையில நான் அரிஞ்சு வச்சுட்டுத்தான் மிஷின்ல உக்காருவேன். விறகு புகையுதுன்னு அடுப்புக்குக் கரி வாங்கச் சொல்லிட்டா. எதிர்வீட்டு அம்மாவோட புருஷன் தவறிட்டார். டாக்கிக்குக் கூட வந்த சிநேகிதி, தாயா பிள்ளையாப் பழகினவ. அந்தச் சாவு வீட்டுக்கு உன் அம்மா போகல. போனா அழுதுடுவேன்னு கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தா. தெருவுல எல்லாரும் அவளைக் காறித் துப்பாத குறைதான். எதிர்வீட்டு அம்மா இன்னும் பேசறதில்லை. நான் போய்ச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், யாராவது கேட்டுச் சிரிச்சா எனக்கு ஆத்திரத்துல அழுகை வந்துடும்னா. உனக்கு எழுதவும் என்னை விடல. உனக்காக ஊரோட பொல்லாப்பையெல்லாம் வாங்கிக்கிட்டுக் கண்ணைக் காய வச்சுக்கிட்டு இருந்தவளைத்தான், நான் இருந்தா என்ன போனா என்னன்னு நீ எழுதினே.

உன் கடுதாசி வந்ததும் வழக்கம் போலப் பக்கத்துல வந்து உக்கார்ந்துக்கிட்டா. கல்யாணச் சேதி படிச்சதும் முகமெல்லாம் மலர்ந்து போச்சு, பொண்ணு நெறமா, சமைக்கத் தெரியுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கீழே இருந்ததை விட்டுடலாம்னு காகிதத்தை மடிச்சேன். அவளுக்கு எழுத்து தெரியாது, என் முகம் தெரியும். இன்னும் இருக்கு, படிங்கன்னா. ஒண்ணுமில்லைன்னு சொல்லிப் பார்த்தேன், விடல. அவன் எழுதினதை அவன் சொன்ன மாதிரியே படிங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. படிச்சேன்.

பிடிச்சிருந்த என் கையை விட்டுட்டா. அப்புறம் அவ வயித்துக்குள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாரு, லயத்து வாசல்ல கேட்டதுக்கு அப்புறம் அப்படி ஒண்ணை நான் கேட்டதில்லை. வேலுவுக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு, கப்பல்ல நீ போனதுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து அழுதா. காப்பிக்கடையிலேருந்து ஆளுங்க ஓடி வந்தாங்க. எதிர்வீட்டு அம்மாவே கோபத்தை மறந்து வந்து அவளை மடியில சாய்ச்சுக்கிட்டாங்க. திடீர்னு உன் அம்மாவுக்கு நினைவு வந்த மாதிரி எழுந்து உக்கார்ந்தா. சேலைத் தலைப்பால கண்ணைத் தேய் தேய்னு தேய்ச்சா. ஈரமா இருந்த உள்ளங்கையை என் முன்னால நீட்டினா.

"போச்சுங்க. அழுதுட்டேன். இனி அவன் வரமாட்டான்."

அதோட சரி. இப்போ அழறதும் இல்லை, சிரிக்கிறதும் இல்லை. ரெண்டு வாய் கஞ்சி குடிக்க வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆகுது. டாக்டர் வந்து பார்த்துட்டு உடம்புல ஒண்ணுமில்லைன்னுட்டார். எனக்குத் தெரியும் உடம்புல ஒண்ணுமில்லைன்னு. நீ கோபத்துல வராம இருக்கேன்னு சொன்னா அவ ஏத்துக்க மாட்டேங்கிறா. அவன்மேல பழி போடாதீங்க, நான் அழுததுதான் காரணம்னு எனக்கே சமாதானம் சொல்றா. உன்மேல அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நீ செத்துட்டவன் கணக்குல அவ மனசுல வேலு பக்கத்துல உக்கார்ந்துட்டே. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஒருத்தி துக்கம் காக்கிறதைத் தினமும் பார்த்துக்கிட்டு நான் எப்படிடா மிஷினை மிதிப்பேன்?

கல்யாணம் அங்கேயே நடக்கட்டும். நாங்க வரலைன்னாலும் பரவாயில்லை. தை மாசம் வரைக்கும் காத்திருக்காதே, முன்னாலயே ஒரு கப்பலைப் பிடி. கம்பெனியில லீவு கொடுக்க மாட்டேன்னா, அம்மா சாகக் கிடக்கிறான்னு சொல்லு, பொய்யில்லை. நீ அவகிட்ட மன்னிப்புக் கேக்க வேணாம், விளக்கம் சொல்ல வேணாம். புராணமும் டாக்கியும் பத்தி ஒரு வார்த்தை பேச வேணாம், அதுக்கு நான் இருந்தும் ஒண்ணும் ஆகல. வீட்டுக்குள்ள வந்து அவ முன்னால நில்லு, போதும். அழுத தாயோட பிள்ளையும் வீடு திரும்புவான்னு அவ ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும்.

உன் அப்பா